அறைக்குள் எழும் ஞாயிறு



வெயில் என்பது பிற ஊர்களுக்கு ஒரு பருவம். நமக்கோ அது முதற்பொருள். மழை குறைந்த இவ் வறண்ட மண்ணில் தீப்பெட்டித் தொழிலும் வெடித்தொழிலும் வேரூன்றியதற்கு வெயிலும் ஒரு கரணியம். தீக்குச்சியும் திரியும் தாட்குழலும் உலர்ந்தால்தான் அடுத்த வேலை நடக்கும். இரண்டு நாள் வானம் மூடினால் எத்தனை வீட்டில் அடுப்பு தயங்கும் என்பதை உங்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை.

அந்த வெயிலே இன்று மின்னாற்றலாகவும் மாறுகின்றது. அண்டை மாவட்டமான இராமநாதபுரத்துக் கமுதியில் 2016-ஆம் ஆண்டு 648 மெகாவாட்டுக் கதிர்மின் நிலையம் எழுந்தது. நெல்லைக்கு அருகே கங்கைகொண்டானில் டாட்டா குழுமத்தின் தொழிலகம் கதிர்மின் பலகைகளைச் செய்கின்றது. 2024-இல் அவற்றுக்குரிய கலங்களையும் அங்கேயே செய்யத் தொடங்கியது. வீட்டு மாடியில் பலகை பதிப்போர்க்கு நடுவணரசு 2024-இல் அறிவித்த திட்டம் 78,000 உருபா வரை உதவுகின்றது. எஞ்சிய தொகைக்கு நம் மக்கள் வைப்பகத்தில் கடன் பெறுகின்றனர். ஆகவே, கடன்பட்டு வாங்கும் பொருளின் அளவை அறிவது நம் கடமையன்றோ?

சந்தையில் ‘சோலார் பேனல்’ என்று வழங்கும் அக் கதிர்மின் பலகையின் பின்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ‘550 வாட்டு’ என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். நாம் பணம் கொடுப்பது அந்த எண்ணுக்கே. அந்த எண்ணை அளந்தவர் யார்? எந்த வெயிலில் வைத்து அளந்தார்?

விருதுநகர் வெயிலில் அன்று. எந்த ஊர் வெயிலிலும் அன்று. மூடிய அறைக்குள், விளக்கால் உண்டாக்கிய ஒரு செயற்கை ஞாயிற்றின் கீழ் அது அளக்கப்பட்டது. வெளிவெயில் நொடிக்கு நொடி மாறும், முகில் மறைக்கும், தூசு படியும். ஆகலின் உலகம் ஒரு பொது அளவை வகுத்துக்கொண்டது. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட பரப்பில் 1000 வாட்டு ஒளி விழவேண்டும். கலத்தின் வெப்பநிலை 25 பாகையாக இருக்கவேண்டும். ஒளியின் நிறக்கலவையோ, கதிரவன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 48 பாகை சாய்ந்து, உச்சிவேளையினும் ஒன்றரை மடங்கு காற்றைக் கடந்து வரும்போது உள்ளதாக அமையவேண்டும்.

தொழிலகத்தின் இறுதிக் கட்டத்தில் ஒவ்வொரு பலகையும் அந்த அறைக்குள் செல்கின்றது. செனான் வளி அடைத்த விளக்கோ, ஒளியுமிழ் மின்விளக்குகளின் தொகுதியோ ஒருமுறை மின்னி மறைகின்றது. நொடியை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கே அம் மின்னல் நீடிப்பதும் உண்டு. நெடுநேரம் ஒளி பாய்ந்தால் பலகை சூடேறி அளவு மாறிவிடும் என்பதனாலேயே இந்தச் சுருக்கம். அச் சிறுபொழுதுக்குள் பலகையின் மின்னழுத்தமும் மின்னோட்டமும் படிப்படியாக அளக்கப்பட்டு, உச்சத்திறன் கணக்கிடப்படுகின்றது. புதுவகைக் கலங்கள் சிலவற்றுக்கு இந்த நேரம் போதாது. மின்னல் குறுகிப்போனால் அளவும் பிழைபடும்.

மின்னல் என்றதும் சிவகாசித் தோழர்கள், ‘நாங்கள் காணாத ஒளியா?’ என்பீர்கள். உங்களுக்கே இது எளிதில் விளங்கும். இசுட்ரான்சிய உப்பு எரிந்தால் சிவப்பு. செம்பின் உப்பு எரிந்தால் நீலம். அலுமினியத் தூள் எரிந்தால் கண்ணைப் பறிக்கும் வெண்மை. கண்ணுக்கு வெண்மையாய்த் தோன்றுவதெல்லாம் வெயிலாகிவிடுமா? ஆகாது. வெயிலில் எந்தெந்த நிறம் எவ்வெவ்வளவு கலந்துள்ளதோ, அவ்வவ்வளவு விளக்கொளியிலும் கலந்திருக்கவேண்டும். இதற்கென உலக மின்தொழில்நுட்ப ஆணையம் செயற்கை ஞாயிறுகளைத் தரம் பிரித்துள்ளது. முதல்தரம் பெற, ஒவ்வொரு நிறப்பகுதியும் உரிய அளவில் முக்காற் பங்குக்குக் குறையாமலும் ஒன்றேகாற் பங்குக்கு மிகாமலும் இருக்கவேண்டும். பலகையின் பரப்பெங்கும் ஒளியின் வேறுபாடு நூற்றுக்கு 2-ஐத் தாண்டக்கூடாது. மின்னும் நேரத்திலும் ஒளி அவ்வாறே நிலைத்திருக்கவேண்டும். 2020-இல் இதனினும் கடுமையான மேற்தரம் ஒன்றும் வகுக்கப்பட்டது.

விருதுநகர் வணிகர்க்கு எடையைப் பற்றி யாரும் பாடம் சொல்லவேண்டா. பருப்பும் எண்ணெயும் மல்லியும் மிளகாயும் விலைபேசப்படும் ஊர் இது. தராசு எவ்வளவு பளபளத்தாலும் எடைக்கல் பொய்த்தால் வணிகம் பொய்த்துவிடும். செயற்கை ஞாயிற்றுக்கும் ஓர் எடைக்கல் உண்டு. அளவறிந்த சான்றுக்கலம் ஒன்றை வைத்தே விளக்கின் ஒளியைச் சரிசெய்கின்றனர். அச் சான்றுக்கலத்தை மேலான ஆய்வகம் ஒன்று உரிய காலத்தில் சரிபார்த்திருக்கவேண்டும். நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் என்ன என்று எண்ணாதீர்கள். கமுதியின் அளவில் அந்த ஒன்று 6.48 மெகாவாட்டு!

இன்னொன்றையும் கேளுங்கள். அறைக்குள் கலத்தின் வெப்பநிலை 25 பாகை. நம் முதுவேனில் நண்பகலில் காற்றசையாத மாடியில் பலகை 65 பாகைக்கும் ஏறும். சிலிக்கான் கலங்கள் பலவற்றின் திறன் ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை குறையும். 0.35 என்று கொண்டால், 40 பாகை ஏற்றத்தில் நூற்றுக்கு 14 போய்விடும். முழு வெயில் அடிக்கும்போதும் 550 வாட்டுப் பலகை 473 வாட்டே தரும். இதனை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பொருளோடு பொருளை ஒப்பிடப் பொது அளவு வேண்டும். ஆனால் அப் பொது அளவையே நம் மாடியின் விளைச்சலாகக் காட்டி விற்பதுதான் ஏமாற்று. வெப்பத்தால் குறையும் வீதமும் பலகையின் விளக்கத்தாளில் அச்சிடப்பட்டே இருக்கின்றது. படிப்பவர் யார்? அது நம் மொழியில் இல்லையே!

தமிழ்ப் பற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பார்க்கு இதுவே விடை. உச்சத்திறன், திறந்தசுற்று மின்னழுத்தம், குறுக்குச்சுற்று மின்னோட்டம், வெப்பத் தேய்வு: இச் சொற்கள் தமிழில் இல்லாதவையா? ஊரெல்லாம் சீட்டும் சுவடியும் அச்சிட்டுத் தரும் சிவகாசிக்கு, ஒரு பலகைச் சீட்டைத் தமிழில் அச்சிடுவது அரிய செயலா? புரியாத மொழியில் எழுதிய அளவு, மறைத்து வைத்த எடைக்கல் போன்றது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, பலகை வாங்குவோர் ஒவ்வொரு பலகையின் தொடரெண்ணுக்கும் உரிய மின்னொளி ஆய்வுத்தாளைக் கேட்டுப் பெறுங்கள். தொழிலகத்தில் அப் பதிவு இருக்கும். இரண்டாவது, அதனைத் தமிழில் தரச் சொல்லுங்கள். மூன்றாவது, ஐயம் எழுந்தால் மறு ஆய்வு செய்ய நெடுந்தொலைவு ஓடவேண்டிய நிலை கூடாது. இம் மாவட்டப் பொறியியற் கல்லூரி ஒன்றிலேனும் நம்பத்தக்க செயற்கை ஞாயிறு ஒன்றை நிறுவ அரசை வற்புறுத்துங்கள்.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். பொருளை வாங்கி வரவில்லை, தொழிலறிவைக் கொண்டுவந்தனர். அதனாலன்றோ சிவகாசி எழுந்தது? பலகையை விலைகொடுத்து வாங்கலாம். அதனை அளக்கும் அறிவை நாமே ஈட்டவேண்டும். வெயில் நம்முடையது, அதன் கணக்கும் நம் கையில், நம் மொழியில் இருக்கட்டும்!