தீவுகள் கற்பித்த பாடம்: கால்நடையும் மக்கள் நலமும்
(உரையின் சுருக்கம்)

இங்குக் குழுமியுள்ள மாணவர்களும் அலுவலர்களும் கருத்திற்கொள்ளத்தக்க உண்மை ஒன்று உண்டு. விலங்கிலிருந்து மனிதருக்குப் பரவும் நோயை மருத்துவமனையில் மட்டும் தேடினால் பாதியே கிட்டும். மறுபாதி தொழுவத்திலும் வயலிலும் உள்ளது. வடக்கு அந்தமான் இதற்குச் சான்றாகும்.

பெயரறியாக் காய்ச்சல்

1988 முதல், மழைக்காலத்தின் இறுதியில், டிக்லிப்பூர் வட்டாரத்தில் கடுங்காய்ச்சல் தோன்றலாயிற்று. சிலருக்கு நுரையீரலில் குருதி கசிந்து உயிரும் பிரிந்தது. காரணம் புலப்படாமையால் 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' எனப் பெயரிட்டனர். 1993ஆம் ஆண்டு நோய்ப்பரவலை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் போர்ட் பிளேர் மையம், அது லெப்டோஸ்பைரா கிருமியால் உண்டாகும் எலிக்காய்ச்சலே எனக் கண்டது. (அந்நகர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது.) இந்நோய் தீவுகளுக்குப் புதிதன்று. டெய்லர், கோயல் ஆகியோர் 1931இலேயே இதனைப் பற்றி விரிவாக எழுதியிருந்தனர்.

தொழுவமும் வயலும்

எலி, மாடு, பன்றி ஆகியவற்றின் சிறுநீர் வழியே கிருமி வயல்நீரை அடைகிறது. சேற்றில் வெறுங்காலுடன் உழைப்போரின் தோற்புண் வழியே உடலினுள் புகுகிறது. விலங்கு நோய்க்குறி ஏதும் காட்டாமலே கிருமியை வெளியேற்றக்கூடும். சில வேளைகளில் மாட்டிற்குக் கருச்சிதைவும் பால்குறைவும் நேரும். வேளாண் பருவத்தில் உழைப்பாளி படுத்துவிட்டால், குடும்பத்தின் ஆண்டு வருவாயே குலைகிறது.

இக்கிருமியில் வகைகள் பல. மாட்டிடம் கிடைத்த கிருமியின் மரபணுவும் உழவரிடம் கிடைத்ததன் மரபணுவும் ஒத்திருப்பின், நோயின் ஊற்றை நெருங்கிவிட்டோம் எனலாம். கொரோனா நச்சுயிரிகளுக்கும் இம்முறை பொருந்தும். மாடு, பன்றி, கோழி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கொரோனா நச்சுயிரிகள் உண்டு. அவற்றின் மரபணு மாற்றங்களை இடையறாது கவனித்து வருவதன் தேவையை 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று உலகிற்கு உணர்த்தியது.

செய்யத்தக்கவை

தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெனிசிலின் போன்ற எளிய மருந்துகள் உயிர்காக்கும். வாரந்தோறும் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் வழங்கி வடக்கு அந்தமானில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2000இல் வெளியாயின. மருந்து தொற்றைத் தடுக்கவில்லை. ஆயினும் நோயுறுதலையும் இறப்பையும் குறைத்தது. எனவே மருந்து மட்டும் போதாது. ஊற்றையும் அடைக்க வேண்டும். கால்நடைத்துறை எடுக்கும் மாதிரியும் நலத்துறை எடுக்கும் மாதிரியும் ஒரே பதிவேட்டில் ஒப்பிடப்பட வேண்டும். இதற்காகும் செலவு, இழக்கும் உயிர்களோடும் உழைப்போடும் ஒப்பிடுகையில் சிறிதேயாகும்.