பேரெண்ணும் கணிப்பொறியும்

9,00,71,99,25,47,40,992 என்னும் எண்ணோடு ஒன்றைக் கூட்டுமாறு பணித்தால், கணிப்பொறி பல வேளைகளில் அதே எண்ணையே விடையாகத் தருகிறது. காரணம் இடப்பற்றாக்குறையே. 1985இல் வகுத்த நியதிப்படி ஓர் எண்ணின் உருவுக்கு அது ஒதுக்குவன 53 இரும இலக்கங்கள். அவ்வெல்லைக்கு அப்பால் ஒற்றைப்படை எண்கள் அதில் அடங்கா. அண்மையிலுள்ள இரட்டைப்படை எண்ணாகத் திரிந்துவிடும். தாளில் கணக்கிடும் நாமோ, இடம் போதாவிடில் அடுத்த தாளை எடுத்துக்கொள்வோம்!

ஊருக்குப் பணம் அனுப்பும் நமக்கு இதில் அக்கறை உண்டு. சில வங்கிகளின் கணக்கெண் 16 இலக்கமுடையது. எக்செல் செயலியோ எண்ணாக இட்டவற்றுள் 15 இலக்கங்களையே காக்கும், பதினாறாவதைச் சுழியமாக்கிவிடும். ஆதலின் கட்டத்தை முதலில் எழுத்துக்குரியதாக அமைத்து, அதன்பின் எண்ணைப் பதிதல் வேண்டும். பதிந்தபின் மாற்றினால் இழந்த இலக்கம் மீளாது.