புதுக் கணனி வாங்க முன்னர் சூட்டைப் பாருங்கள்



பிள்ளைகள் விளையாடும்போதோ, ஊரிலுள்ள உறவுகளோடு முகம் பார்த்துக் கதைக்கும்போதோ மேசைக் கணனி திடீரென நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் வேலை செய்கிறது; பிறகும் நிற்கிறது. "பழசாகிவிட்டது, புதிது வாங்குவோம்" என்பதுதான் வீட்டில் உடனே எழும் பேச்சு. சற்றுப் பொறுங்கள். பல வேளைகளில் கணனியில் பழுது இருக்காது. அதன் சூடு வெளியேறும் வழிதான் அடைபட்டிருக்கும்.

எதற்கும் முன்னர் ஒரு வேலை. இடம்பெயர்வுகளில் தப்பி வந்த சில குடும்பப் படங்களை ஸ்கான் செய்து அந்தக் கணனியில் மட்டுமே வைத்திருக்கும் வீடுகள் உண்டு. இடைநடுவில் கணனி நின்றால் கோப்புகள் கெடலாம். ஆகவே முதலில் அவற்றை வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுங்கள்.

இனி வெப்பத்தை அளப்போம். கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் செயலியின் வெப்பநிலையைக் காட்டும். சும்மா இருக்கையில் 35 முதல் 50 பாகை செல்சியஸ், கடும் வேலையில் 60 முதல் 85 என்றால் பயமில்லை. இன்ரெல் செயலிகள் பலவற்றின் எல்லை 100 பாகை; ஏஎம்டி ரைசன் பலவற்றுக்கு 95. எல்லையைத் தொட்டால் செயலி தன் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கணனியே நின்றுவிடும். வெப்பம் சாதாரணமாக இருந்தும் நிற்கிறதென்றால், மின்வழங்கியைச் சந்தேகியுங்கள்.

சூடு ஏறும் விதத்தைக் கவனியுங்கள். பல நிமிடங்களில் மெல்ல ஏறினால் தூசி அல்லது காற்றோட்டக் குறைவு. பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு அதே வேலையைச் செய்து பாருங்கள். வெப்பம் நன்றாகக் குறைந்தால் காற்றுப் போதவில்லை என்பது தெளிவு. கார்ப்பெற்றின் மேல் பெட்டியை வைப்பதும், சுவரோடு ஒட்டி வைப்பதும் கூடாது. குசினிப் பக்கம் வைத்தால் பொரிக்கும் எண்ணெய்ப் புகையில் தூசி பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும்.

துப்புரவு செய்யும்போது மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். காற்றுக் குப்பியால் ஊதுங்கள். விசிறி இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தூசி உறிஞ்சி வேண்டாம். அதன் நிலைமின் பாகங்களைக் கெடுக்கலாம். மின்வழங்கியை ஒருபோதும் திறக்காதீர்கள்.

போட்ட சில நொடிகளிலேயே 90ஐத் தொட்டால் கதை வேறு. விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால், குளிரூட்டி செயலியோடு சரியாகப் பொருந்தவில்லை என்று கொள்ளலாம். இன்ரெல்லோடு வரும் குளிரூட்டிகள் பலவற்றில் நான்கு ஊசிக்கால்கள் உண்டு. ஒன்று தளர்ந்தாலும் சூடு ஏறும்.

இடையில் பூசப்பட்ட வெப்பப் பசை காய்ந்திருந்தால், ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, சிறு பட்டாணி அளவு புதுப் பசை வையுங்கள். பழைய ரைசன் கணனிகளில் குளிரூட்டியோடு செயலியும் சேர்ந்து பிடுங்கப்படக்கூடும். கணனியைச் சிறிது நேரம் இயக்கிச் சூடாக்கி, பின்னர் நிறுத்தி மின்கம்பியைக் கழற்றுங்கள். அதன்பின் குளிரூட்டியை மெல்லத் திருகியபடி எடுங்கள். கை நடுங்கினால், பழக்கமுள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள், அதில் வெட்கமில்லை.

ஒரு காற்றுக் குப்பியும் ஒரு குழாய் பசையும் புதுக் கணனியின் விலையில் மிகச் சிறு பங்குதான். உழைத்த காசு, அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள், படங்களைப் பிரதி எடுங்கள்.