பக்கத்து சைட் ரிப்போர்ட் வேண்டாம்

இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே,

கோவை உக்கடத்தில் நின்றுகொண்டு நிலநடுக்கத்தைப் பேசுகிறேன் என்று வியக்க வேண்டாம். 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 6 ரிக்டர் அளவில் நிலம் குலுங்கியது. நிலநடுக்கம் தாங்கும் வடிவமைப்புக்கான ஐஎஸ் 1893 விதிநூலின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பு நம் ஊரை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைத்தது.

ஆனால் மண்டல எண்ணை மட்டும் வைத்துக் கட்டடம் கட்ட முடியாது. ஒரே நிலநடுக்கம் உக்கடம் பெரியகுளத்துக் கரையோர மண்ணை ஒரு விதமாகவும், மதுக்கரைப் பக்கத்துப் பாறையை வேறு விதமாகவும் ஆட்டும். இளகிய மண் மெதுவான அசைவைப் பெருக்கும். 1985 நிலநடுக்கத்தில் மெக்சிகோ நகரின் பழைய ஏரிப்படுகையில் அடுக்குமாடிகள் சரிந்தது அப்படித்தான். கெட்டிப் பாறையோ நொடிக்குப் பத்து, இருபது முறை துடிக்கும் வேகமான அதிர்வை அதிகம் விழுங்காமல் மேலே அனுப்பிவிடும். அந்த அதிர்வு எவ்வளவு விரைவாகத் தேய்கிறது என்பதைச் சொல்ல 1984இல் ஆண்டர்சனும் ஹஃப்பும் 'கப்பா' என்ற அளவைத் தந்தார்கள். பாறை கெட்டியாக இருந்தால் கப்பா பொதுவாகச் சிறியது.

பாறை மேல் நின்றால் போதும் என்று நினைக்காதீர்கள்; 1967 டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையை நிலநடுக்கம் தாக்கியபோது நடந்ததைப் படியுங்கள். எரிமலைப் பாறை மேல் நிற்கும் அந்த அணைக்குள் இருந்த கருவி, புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.63 பங்கு வரை பதிவு செய்தது. அணையின் மேற்பகுதியில், சரிவு மாறும் இடத்தில், விரிசல் விட்டது.

2011 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 5.8 அளவு நிலநடுக்கம். நார்த் அன்னா அணுமின் நிலையத்தில் அதிர்வு வடிவமைப்பு எல்லையையே தாண்டியது. ஆனாலும் பெரிய சேதமில்லை. ஒரு காரணம்: வேகமான அதிர்வு கட்டடத்தை அதிகம் நகர்த்தாது. அது சோதிப்பது மின் பேனலுக்குள் இருக்கும் ரிலேயை. தொடுமுனை ஒரு கணம் விலகி ஒட்டினாலே ஓடும் பம்பு நின்றுபோகலாம். மோட்டாருக்குப் பேர்போன கோவைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, உங்கள் சைட்டில் பாறை எங்கே இருக்கிறது? போர்வெல் போட்டவரிடம் கேளுங்கள். கேசிங் பைப் எத்தனை அடியில் நின்றது என்பது அவருக்குத் தெரியும். கெட்டிப் பாறை வரும் வரைதானே அதை இறக்குவார்கள்? அது தோராயமான தகவல்தான், முதல் குறிப்புக்குப் போதும். பிறகு தரையில் அதிர்வை உணரும் ஜியோஃபோன்களை வரிசையாக நட்டு, சுத்தியலால் அடித்து, நிலத்தின் கெட்டித்தன்மையைக் காட்டும் குறுக்கலை என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அளந்து பாருங்கள்.

வேலைக்குச் சேர்ந்த சில நாளில் ஒருவர் சொல்வார்: "பக்கத்து சைட் ரிப்போர்ட்டையே போட்டுக்கலாமுங்க, எல்லாம் ஒரே மண்ணுதான்." பணிவாக மறுத்துவிடுங்கள். அளக்க ஆகும் செலவையும் நாளையும் எழுதிக் கேளுங்கள். கையெழுத்து உங்களுடையது என்றால் அதன் மேலே இருக்கும் எண்ணும் உங்கள் நிலத்தில் அளந்ததாக இருக்கட்டும்.