பழைய ஃபைலைக் கையோடு கொண்டு போங்கள்

(சிங்கப்பெருமாள் கோவிலில் நடந்த மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



புராஸ்டேட் புற்றுநோய் பெண்களை வைத்துக்கொண்டு பேசும் விஷயமா என்று சிலர் கேட்டார்கள். பெண்களுக்காகத்தான் பேசுகிறோம். பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிஃப்டில் இருக்கும்போது அத்தாவுக்கு ஒன்று என்றால் ஓடுகிறவர்கள் அம்மாவும் மருமகளும்தானே?

நம்மிடம் உதவிக்கு வந்த ஒரு குடும்பம். பெரியவருக்குப் புராஸ்டேட் புற்று என்பது மூத்த மகனுக்கு மட்டுமே தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் ஊசியை, வீட்டில் நீர்க்கடுப்பு ஊசி என்று சொல்லி வைத்திருந்தார். ஒரு ராத்திரி பெரியவருக்குத் தாங்க முடியாத தலைவலி. பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தது, பேச்சும் குழறியது. மகன் நைட் ஷிஃப்ட், போன் லாக்கரில். மருத்துவமனையில் பெண்கள் சொன்னது "சர்க்கரை, பிரஷர்" இரண்டுதான். ஸ்கேனில் மூளையை மூடியிருக்கும் உறையில் கட்டி தெரிந்தது. மறுநாள் மகன் ஃபைலோடு வந்த பிறகே அது எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

அந்தப் பெண்கள் மேல் குற்றமில்லை. அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

இந்தப் புற்று பரவினால் பெரும்பாலும் எலும்புக்குத்தான் போகும்: முதுகெலும்பு, இடுப்பெலும்பு. மண்டையோட்டு எலும்பில் இறங்கினால் அதை ஒட்டியுள்ள மூளை உறைக்கும் தாவலாம். மூளைக்குள்ளேயே போவது அபூர்வம். அபூர்வம் என்பதால்தான் பழைய நோயைச் சொல்லாவிட்டால் மருத்துவருக்கும் சட்டென்று தோன்றாது. ஸ்கேனில் அது சாதாரண உறைக்கட்டி போலவோ, உறைக்கடியில் கசிந்த ரத்தம் போலவோகூடத் தெரியும்.

ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்று ஒடுங்கும் என்று 1941-இல் காட்டியவர் சார்லஸ் ஹகின்ஸ். அதற்காக 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்று போடும் ஊசிக்கும் அதுதான் அடிப்படை. உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மூளை உறைக்குப் பரவிய பின் முழுக் குணம் என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் வீக்கம் குறைக்கும் மருந்தாலும் கதிர்வீச்சாலும் தலைவலி தணியும், பலருக்குத் தடுமாற்றம் குறையும். நாள் தள்ளினால் அதுவும் கைவிட்டுப் போகும்.

வலிப்பு, புதிதாக ஒரு குழப்பம் வந்தாலும் "வயசாகிவிட்டது" என்று விடாதீர்கள். கால் திடீரென்று வலுவிழந்தால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், முதுகுத்தண்டு நசுங்குகிறதோ என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். மூளையைவிட அதுதான் அதிகம் நடப்பது.

அவசரத்துக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். புற்றுநோய்க்கென்றே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் 1954 முதல் அடையாறு. கம்பெனிப் பிள்ளைகளே, உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் பெயர் இஎஸ்ஐ-யில் ஏறியிருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள்.

வாசலில் பிளாஸ்டிக் ஃபைல்கள் வைத்திருக்கிறோம், வீட்டுக்கு ஒன்று. பயாப்ஸி ரிப்போர்ட், கடைசி பிஎஸ்ஏ, ஊசி போட்ட தேதி மூன்றையும் அதில் போடுங்கள். பீரோவில் பூட்டாமல் ஃபிரிட்ஜ் மேல் வையுங்கள். அது என்ன ஃபைல் என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.