குட்டி யானைக்கு ஒரு சாய்ப்பு

இன்னைக்கு கோடிங் பத்தி எதுவும் இல்ல. ஒரு தார்ப்பாய் பத்திப் பேசப்போறேன். அது ஒரு ராத்திரி எங்க மாமா தலைக்கு ஒரு முழம் தள்ளி இரும்புக் குழாயைக் கொண்டுபோய்ப் போட்டுச்சு. அதனாலதான்.

நான் வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்ல. மாமா வீடு சேத்தியாத்தோப்பு. அவர்கிட்ட ஒரு டாடா ஏஸ் இருக்கு, அதாங்க நம்ம குட்டி யானை. சீசன்ல பண்ருட்டியிலேருந்து பலாப்பழம் ஏத்திட்டு வந்து ரோட்டோரமா நிறுத்தி விப்பார்.

வெளிநாட்டு வீடியோவுல குட்டி கேம்பிங் டிரெய்லர், அதுக்குப் பக்கத்துல அழகா இழுத்துக் கட்டின ஆனிங் எல்லாம் பாத்துட்டு எனக்கும் ஆசை வந்துச்சு. ஆனா இங்க டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம். தனியா பதிவு பண்ணணும். அவ்வளவுக்கு எங்க போறது? மாமா வண்டிக்குள்ள மெத்தையைப் போட்டேன். வெளிய ஒரு சாய்ப்பு இறக்கினா கேம்பிங் ரெடின்னு கணக்கு போட்டேன்.

முதல் வெர்ஷன் ரொம்ப சிம்பிள். 8 அடிக்கு 10 அடி நீலத் தார்ப்பாய். ஒரு பக்கம் வண்டியோட கூண்டுக் கம்பியில கட்டினேன். மறுபக்கம் 2 ஜிஐ குழாய், 2 கயிறு, 2 முளை. மே மாசம், வெள்ளாத்துப் பக்கம் இருக்கற மாமாவோட களத்துல நிறுத்தினோம். மாமா வெளிய கயித்துக் கட்டில்ல படுத்துட்டார்.

ராத்திரி கோடை மழை. முதல்ல தார்ப்பாய் நடுவுல தண்ணி தேங்கி வயிறு தொங்குச்சு. அப்புறம் ஒரே ஒரு காத்து. தார்ப்பாய் மேல தூக்க, ஒரு முளை பிடுங்கிட்டு வர, ஓட்டைக்குள்ள மாட்டியிருந்த குழாயும் சேர்ந்து பறந்து கட்டிலுக்குப் பக்கத்துல விழுந்துச்சு. மாமா திட்டவே இல்ல. “மாப்ள, வண்டிக்குள்ள போய்ப் படு”ன்னு மட்டும் சொன்னார். அதுதான் ரொம்ப வலிச்சுது.

மறுநாள் உக்காந்து கணக்கு போட்டேன். 1 சதுர மீட்டர்ல 5 செ.மீ. தண்ணி நின்னா 50 கிலோ. 36 கி.மீ. வேகக் காத்து நேரா மோதினா, என் தார்ப்பாய் மேல விழற விசை சுமார் 45 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டிப்பானா விசை நாலு மடங்கு, அதாவது 180 கிலோ. இதை நான் படிச்சுப் பாஸ் பண்ணியிருக்கேன். கட்டும்போது ஞாபகம் வரல.

ரோம் நகரத்துல கொலோசியத்துக்கு மேல துணி நிழல் கட்டினவங்க கப்பல் மாலுமிங்க. ஏன்னு இப்போ புரியுது. நிழலுக்குன்னு நாம கட்டறது காத்துக்கு ஒரு பாய்மரம். நம்ம வாயில அது தார்ப்‘பாய்’னு ஆனதும் பொருத்தம்தான்.

கடைத்தெருவுல லாரித் தார்ப்பாய் தைக்கிற அண்ணன்கிட்ட போனேன். கூடவே பந்தல் போடற ஒரு பெரியவர் உக்காந்திருந்தார். ரெண்டு பேரும் சேர்ந்து என் டிசைனைப் பிரிச்சு மேய்ஞ்சுட்டாங்க. இப்போ இருக்கற வெர்ஷன் இதுதான்:

பிளாஸ்டிக்குக்குப் பதிலா கித்தான் துணி. ஓரத்துல கயிறு வச்சு மடிச்சுத் தைச்சது. ஐலெட் அடிக்கிற இடத்துல ரெட்டைத் துணி. வெளிப்பக்கம் 2 அடி தாழ்வு, அதனால தண்ணி நிக்காது. குழாய்க்குப் பதிலா மூங்கில், அடியில தனிக் கயித்தால முளையோட கட்டியிருக்கும். முளையை வண்டிக்கு எதிர்ப்பக்கம் சாய்ச்சு அடிக்கணும். ஈர மண்ணு வழுக்கும், அதனால தண்ணி நிரப்பின 20 லிட்டர் கேன் ஒண்ணையும் மூலைக்கு மூலை கட்டிடறேன். கயித்துக்கும் துணிக்கும் நடுவுல பழைய சைக்கிள் ட்யூப் வளையம். காத்து இழுத்தா அது நீண்டு கொடுக்கும். ரொம்ப இழுத்தா முதல்ல அறுந்துபோறதும் அதுதான். 

எல்லாத்தையும் விட முக்கியமானது, உருவு முடிச்சு. ரெண்டு முடிச்சை இழுத்தா மொத்தமும் வண்டியை ஒட்டி இறங்கிடும். பெரியவர் சொன்னார்: “கட்டத் தெரிஞ்சா போதாது தம்பி, அவுக்கத் தெரியணும்.”

இந்த மாவட்டத்துக்காரனுக்கு இது தெரிஞ்சிருக்கணும். 2011 டிசம்பர் 30, தானே புயல் கரையைக் கடந்தப்போ நான் ஸ்கூல் பையன். டவுன்ஷிப்ல அவ்வளவு பெரிய மரங்கள் சாஞ்சு கிடந்ததைப் பாத்தவன். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட போச்சு. அப்படி இருந்தும் நாலு முடிச்சை நம்பி மாமாவைக் கீழ படுக்க வச்சேன்.

வேலையில நாங்க ஒரு சிஸ்டம் கட்டும்போது கேட்கிற கேள்வி, “இது உடைஞ்சா எப்படி உடையும்?” அதை வீட்டுக்கு வந்து கேட்கல. உடையவே உடையாததை நம்மால கட்ட முடியாது. எது முதல்ல உடையணும்னு நாம முடிவு பண்ணலாம். அது பத்து ரூபா ட்யூபா இருக்கட்டும், மாமா தலையா இருக்க வேண்டாம்.

இப்போ அந்தச் சாய்ப்பு என்கிட்ட இல்ல. பலாப்பழ சீசன்ல மாமா ரோட்டோரமா அதைத்தான் இறக்கிக் கட்டறார். அஞ்சு வருஷமா அந்த வெயில்ல நின்னவரு, இப்போ நிழல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கார். போன தடவை போனப்போ வானம் லேசா கறுத்துச்சு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள எழுந்து ரெண்டு முடிச்சையும் இழுத்துட்டார்.

நீங்க கட்டறதா இருந்தா, முதல்ல அவுத்துப் பழகுங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.