அம்பிளிக்கையிலிருந்து போன எண்கள்

(ஆவடியில் கூடிய நன்கொடையாளர் கூட்டத்தில் ஆஸ்பத்திரி போதகர் பேசியது)



சென்ற கூட்டத்தில் கணக்கு வாசித்தபோது அம்பத்தூர் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் கேட்டார்: "ஐயா, நோயாளிக்கு மருந்து வாங்கத்தான் காணிக்கை தருகிறோம். டாக்டர்மார் கட்டுரை எழுதினால் யாருக்குச் சுகம்?" அன்று நாங்கள் மழுப்பிவிட்டோம். நியாயமான கேள்வி அது. இன்று ஒரு மனிதரின் கட்டுரைகளைக் கொண்டே பதில் சொல்லப் பார்க்கிறோம்.

டாக்டர் ஆர். சங்கரநாராயணன் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியவர். 1993இல் பிரான்சிலுள்ள லியோன் நகருக்கு, உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்துகொண்டு அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் நம் ஊர் ஏழைகளின் வியாதியைத்தான்.

அதில் ஒன்று நமக்கு மிக அருகில் நடந்தது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில், நம்மைப் போன்ற ஒரு கிறிஸ்தவ மருத்துவ ஊழியத்தோடு சேர்ந்து, 2000 முதல் 2003 வரை திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள தாய்மார்களைப் பரிசோதித்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. வேதத்தில் காடி என்று வாசிக்கிறோமே, அதிலுள்ள அமிலத்தை நீர்க்கக் கலந்து கருப்பை வாயில் தடவி, சற்று நேரம் பொறுத்து, வெள்ளையாகத் திட்டு தெரிகிறதா என்று நர்ஸ்மார் பார்ப்பார்கள். தெரிந்தால் மேற்கொண்டு சோதனை. பலருக்கு அன்றே, அதே நர்ஸ்மார் கையாலேயே, அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சை. 31,343 பேர் பரிசோதிக்கப்பட்டார்கள். 2007இல் 'லான்செட்' பத்திரிகையில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவிகிதமும், அதனால் வந்த மரணம் 35 சதவிகிதமும் குறைந்திருந்தன.

எங்கள் மனதை உறுத்துகிற பக்கத்தையும் மறைக்கக்கூடாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று பரிசோதனை செய்யாமல் விட்ட ஊர்களும் இருந்தன. அங்கே 92 தாய்மார்கள் இந்த வியாதியால் மரித்தார்கள். இது தகுமா என்று பிற்பாடு மருத்துவர்களே கடுமையாகக் கேட்டார்கள். அந்தக் காலத்தில் நம் கிராமங்களில் யாருக்கும் இப்படிப் பரிசோதனை கிடையாது என்பது ஒரு பதில். அது எங்களுக்கு முழுப் பதிலாகத் தோன்றவில்லை. அந்தக் கட்டுரையைப் பேசுகிறவர்கள் அந்த 92 பேரையும் சேர்த்தே பேசவேண்டும்.

2009இல் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்ட ஆய்வை வெளியிட்டார். 1,31,746 பெண்கள். வைரஸைக் கண்டுபிடிக்கும் எச்.பி.வி. சோதனை ஒரே ஒரு முறை செய்த இடத்தில் மரணம் ஏறக்குறைய பாதியாயிற்று. காடிச் சோதனை நடந்த இடத்திலோ சொல்லும்படியான பலன் தெரியவில்லை. இரண்டே வருஷத்துக்கு முன் தாமே மெச்சி எழுதிய முறைக்குப் பாதகமான முடிவை, அவரே முதல் பெயராகக் கையெழுத்திட்டு அச்சில் கொடுத்தார். அவர் எழுதியவற்றை உலகம் நம்புவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறோம். 2021இல் உலக சுகாதார நிறுவனமும் எச்.பி.வி. சோதனையையே முதலாவதாகச் சிபாரிசு செய்தது.

இன்னொன்று. 2009இல் சிறுமிகளுக்கு இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று ஒரு தடுப்பூசி ஆய்வு தொடங்கினார்கள். அம்பிளிக்கையும் அதில் ஒரு இடம். 2010இல் வேறொரு திட்டத்தில் எழுந்த பிரச்சினையால் அரசு எல்லா ஆய்வுகளையும் நிறுத்தியது. ஏறக்குறைய ஐயாயிரம் சிறுமிகள் ஒரே ஊசியோடு நின்றுவிட்டார்கள். ஆய்வு கெட்டது என்று கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. வருஷக்கணக்காய் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். ஒரு ஊசியே நன்றாகக் காக்கிறது என்று 2016 முதல் கட்டுரைகள் வந்தன. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரே ஊசி போதும் என்று ஏற்றுக்கொண்டபோது இந்தியச் சிறுமிகளின் இந்தக் கணக்கும் சாட்சியாக இருந்தது. ஊசி வாங்க வசதியில்லாத தேசங்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று நீங்களே யோசியுங்கள்.

அம்பத்தூர் சகோதரரே, கட்டுரையால் சுகம் கிடைப்பது இந்த வழியாகத்தான். ஆனாலும் பூந்தமல்லியிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் எங்கள் வார்டுக்கு வருகிற தாய்மார்களில் அநேகர் இன்னமும் முற்றிய பிறகே வருகிறார்கள். வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் நர்ஸம்மா வாசலருகே நோட்டுடன் உட்கார்ந்திருப்பார்கள். முப்பது வயது தாண்டிய சகோதரிமார் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.